விடுதிக்குப் பணம் கட்டினால் புலிக்காட்டுக்குள் போக அனுமதி கிடைத்துவிடுமா?

கேள்வி: ராஜஸ்தானில் ரந்தம்பூர் புலிகள் காப்பகத்துக்கு அருகே கூடார வகைச் சொகுசு விடுதி ஒன்றில் ஜூன் 30, ஜூலை 1 ஆகிய இரண்டு இரவுகளுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். நான், என் மனைவி, 71 வயதான என் அம்மா ஆகிய மூவரும் போகிறோம். மூன்று சஃபாரிகள் கட்டணத்திலேயே அடக்கம், மூன்றும் காப்பகத்தின் மூன்றாம் மண்டலத்தில்தான், புலி நிச்சயம் என்கிறார் ஏஜென்ட். அந்த 'நிச்சயத்துக்கு' மட்டும் தனியாக ஒரு தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். விடுதிக்குக் கட்டிய முன்பணத்தை நினைத்து இப்போதே பதற வேண்டியதும் இல்லை. ஆனால் மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன், வனத்துறை வழங்கிய சஃபாரி பெர்மிட்டின் நகலை, மூவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் தெரியும்படி அனுப்பச் சொல்லுங்கள். அது கைக்கு வரும்வரை, ரசீதில் என்ன எழுதியிருந்தாலும், நீங்கள் வாங்கியிருப்பது தங்கும் அறையை மட்டுமே.

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எவ்வளவு ஆடம்பரமான விடுதியானாலும் அதன் வேலி காட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. குளியல் தொட்டி வைத்த கூடாரம், நீச்சல் குளம், நட்சத்திரங்களுக்குக் கீழே இரவு உணவு ஆகியவை விடுதியின் கையில் இருப்பவை. காட்டுக்குள் எத்தனை வண்டிகள் போகலாம், யார் போகலாம் என்பது மாநில வனத்துறையின் கையில் இருக்கிறது. ஆறு பேர் அமரும் ஜிப்ஸி என்ற திறந்த ஜீப்போ, இருபது பேர் அமரும் கேன்டர் என்ற திறந்த பெரிய வண்டியோ, எதில் ஏறினாலும் பெயர் வாரியாகப் பெர்மிட் வேண்டும். 'சஃபாரி அடக்கம்' என்று விடுதிக்காரர் சொன்னால், உங்களுக்காக அவர் முன்பதிவு செய்கிறார் என்று மட்டுமே பொருள். செய்துவிட்டாரா, இனிமேல்தான் செய்யப் போகிறாரா என்பதை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் தேதிகளைப் பார்த்ததுமே அந்த ஏஜென்ட் மீது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ரந்தம்பூரின் பத்து மண்டலங்களில் ஒன்று முதல் ஐந்து வரையிலானவை மழைக்காலத்துக்காக ஆண்டுதோறும் ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடப்படுகின்றன. அப்படியானால் உங்களால் மூன்றாம் மண்டலத்துக்குள் போக முடிவது ஜூன் 30 மாலைச் சவாரியில் மட்டுமே. ஜூலை 1 காலையும் மாலையும் அங்கே கதவே திறக்காது. அவற்றுக்கும் சேர்த்துப் பணம் கேட்பவர், விவரம் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது தெரிந்தே கேட்பவராக இருக்க வேண்டும்.

அதற்காக ஜூலை 1 வீணான நாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு முதல் பத்து வரையிலான மண்டலங்கள் மழைக்காலத்திலும், பாதைகள் தாங்கும் நாட்களில், திறந்தே இருக்கின்றன. ஆறாவதான குண்டால் போன்ற இடங்களிலும் புலி உண்டு. ஆனால் அவற்றின் வாயில்கள் வேறு, ரந்தம்பூர் சாலையில் உள்ள பழைய வாயில் வழியாக அங்கே போக முடியாது. பத்தாம் மண்டலத்துக்குப் போய்ச் சேரவே நெடுந்தூரம் வண்டியில் குலுங்க வேண்டியிருக்கும். கனமழை பெய்தால் சவாரி அன்றைக்கே ரத்தாகலாம். ஆகவே இந்த இரண்டு சவாரிகளையும் 'மூன்றாம் மண்டலம்' என்ற விலைக்கு வாங்காமல், ஆறாம் மண்டலத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டு அதன் விலைக்கே வாங்குங்கள். எந்த மண்டலம், எந்த வேளை என்பது பெர்மிட்டில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், வாய்வார்த்தை போதாது.

மூன்றாம் மண்டலத்துக்கு இத்தனை கிராக்கி ஏற்படக் காரணம் பதம் தலாவ், ராஜ்பாக் ஆகிய ஏரிகள். 2016-ல் இறந்த மச்லி என்ற புகழ்பெற்ற பெண்புலி உலவிய பகுதியும் அதுவே. தார்ப் பாலைக்குக் கிழக்கே உள்ள அந்த வறண்ட காட்டில் கோடையில் தோக் மரங்கள் இலையின்றி நிற்கும், வேறெங்கும் தண்ணீர் இருக்காது, விலங்குகள் ஏரிக்கரையைத் தேடி வரும். ஆகவே மழை தொடங்காதிருந்தால் ஜூன் 30 மாலை நல்ல வாய்ப்புதான். இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால் பள்ளங்களிலெல்லாம் தண்ணீர் தேங்கி, மரங்களும் துளிர்த்து, எதிரில் இருப்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இதை மாற்ற எந்த ஏஜென்டாலும் முடியாது. புலியைக் காட்டுவதாக உறுதி கொடுத்து வாங்கும் பணம் எவர் பைக்கோ போகிறது, காட்டுக்குப் போவதில்லை.

அடுத்ததாக, நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. முன்பதிவில் காட்டிய அதே அடையாள அட்டையின் அசலை வாயிலில் காட்ட வேண்டும். ஆதாரில் 'க. செல்வம்' என்றும் பாஸ்போர்ட்டில் 'செல்வம் கந்தசாமி' என்றும் இருப்பவருக்கு, தரகர் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து ஒன்றின் பெயரையும் மற்றொன்றின் எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டால், விடிவதற்கு முன் வாயிலில் நின்றுகொண்டு வனக்காவலரிடம் முன்னெழுத்து முறையை விளக்க வேண்டிவரும். மூவருக்கும் ஆதாரையே கொடுங்கள், பெர்மிட் வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்களே பதிவு செய்யலாமே என்றால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் தேடுபொறியில் முதலில் கண்ணில் படும் தளங்களில் பல, அரசுத் தளம் போலவே வேடமிட்ட தரகர் தளங்கள். புலியின் படமும் 'அதிகாரபூர்வம்' என்ற சொல்லும் இருப்பதால் மட்டும் எதுவும் அரசுத் தளமாகிவிடாது. ராஜஸ்தான் அரசின் முன்பதிவுத் தளத்துக்கே நேராகப் போங்கள். எந்த மண்டலம் எப்போது மூடியிருக்கும், எத்தனை இருக்கைகள் மிச்சம் என்பதை முதல் பக்கத்திலேயே எளிய மொழியில் எழுதிவைத்தால் இந்தத் தரகர்களில் பாதிப் பேருக்குப் பிழைப்பே இருக்காது. புலியைக் காட்டிச் சுற்றுலாவை வளர்க்கும் அரசு இந்தச் சிறிய வேலையைக்கூடச் செய்யாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

விடுதி முன்பதிவை ரத்து செய்தால் சஃபாரிக் கட்டணமும் திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். இரண்டும் தனித்தனிக் கணக்குகள், அவற்றின் விதிகளைத் தனித்தனியே எழுத்தில் வாங்குங்கள்.

அம்மாவுக்கு முதுகுவலி இருந்தால் ஜூன் 30 மாலைச் சவாரியை மட்டும் வைத்துக்கொண்டு, ஜூலை 1 அன்று அவரை விடுதியிலேயே ஓய்வெடுக்க விடலாம். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் காலம், ஜிப்ஸிக்குக் கூரை கிடையாது. தலைக்குப் பருத்தித் துணியும், தண்ணீரில் கலந்து குடிக்க உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் எடுத்துப் போங்கள். ஜிப்ஸியில் ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டு வரிசைகள் இருக்கும், கடைசி வரிசையில்தான் குலுக்கல் அதிகம். ஆறு இருக்கைகளையும் நீங்களே வாங்காவிட்டால் வேறு மூவர் உடன் வருவார்கள். ஆகவே முன் வரிசையில் அம்மாவுக்கு ஓர் இடம் வேண்டுமென்று அவர்கள் ஏறுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.