புது பிராசஸர் 30% வேகம் என்கிறார்களே, கையில் பிடித்தால் தெரியுமா?

நாலு வருஷத்துப் போன் வைத்திருக்கிறீர்கள். புது மாடலில் பிராசஸர் 30% வேகம் என்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொழிஞ்சாம்பாறையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு ஜில்லாதான், ஆனால் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள். தேங்காய் லோடு ஏற்றிப் பொள்ளாச்சி போகும் டிரைவர்கள்தான் இதை அதிகம் கேட்பார்கள்.

கம்பெனி சொல்லும் கணக்கு பொய் இல்லை. ஆனால் அது போன வருஷ சிப்போடு ஒப்பிட்ட கணக்கு. சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகளைக் கோர் என்பார்கள். ஐபோன் சிப்களில் பெரிய கோர்களின் வேகம் 2018-ல் ஏ12-இல் 15% வரை, 2019-ல் ஏ13-இல் 20% வரை, 2023-ல் ஏ17 ப்ரோவில் 10% வரை கூடியதாக ஆப்பிளே சொன்னது. வாட்ஸ்அப் திறப்பதில் 10% வித்தியாசத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இது வட்டிக்கு வட்டி மாதிரி ஏறும். வருஷம் 15% என்றால் ஐந்தாவது வருஷம் இரண்டு மடங்கு. அதனால் வருஷா வருஷம் மாற்றுவது வீண். நாலைந்து தலைமுறை தாண்டி மாற்றினால் நிச்சயம் தெரியும்.

இந்தக் கணக்கு விலை கூடிய போன்களுக்குத்தான். பதினைந்தாயிரத்துக்குள் வாங்குபவர்கள் சிப் நம்பரை நம்பி ஏமாறக்கூடாது, அதுதான் என் கவலை. குவால்காம் கம்பெனியின் ஸ்னாப்டிராகன் 665, 680, 685 சிப்கள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2019, 2021, 2023-ல் வந்தவை. மூன்றிலும் பெரிய கோர், கோர்களை வடிவமைக்கும் ஆர்ம் கம்பெனி 2016-ல் அறிவித்த கார்டெக்ஸ் ஏ73 வழி வந்ததுதான். கோர் துடிக்கும் வேகம் மட்டும் 2.0 கிகாஹெர்ட்ஸ் 2.4 ஆகி, பிறகு 2.8 ஆனது. சிப் தயாரிப்பு நுட்பம் 11 நேனோமீட்டரிலிருந்து 6 ஆனதால் கரண்ட் மிச்சம், அது நல்ல விஷயம். ஆனால் கோர் புதிதில்லை. மீடியாடெக் கம்பெனியின் ஹீலியோ ஜி99 சிப்பில் இருக்கும் புதிய கோரான ஏ76 வெறும் 2.2-இல் ஓடியே அந்த 2.8-ஐ முந்திவிடும். கிகாஹெர்ட்ஸைப் பார்க்காதீர்கள், கோர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

நேனோமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1, 8 பிளஸ் ஜென் 1 இரண்டுமே 4 நேனோமீட்டர், கோர்களும் அதே. முதலாவது சாம்சங் ஆலையில் செய்தது, இரண்டாவது தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில். இடம் மாறியதும் 30% வரை மின்சாரம் மிச்சம் என்று குவால்காம் சொன்னது.

மின்சாரம் குறைவாக இழுத்தால் சூடும் குறையும், எங்கள் ஊரில் இதுதான் பெரிய விஷயம். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்கு மார்க் போடும் கீக்பெஞ்ச் ஆப் சில நிமிஷத்தில் முடிந்துவிடும், அதற்குள் போன் சுடாது. இதே மாதிரி இன்னொரு ஆப்பான த்ரீடிமார்க்கின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரே வேலையை 20 நிமிஷம் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும். கடைசிச் சுற்றில் என்ன மார்க் நிற்கிறதோ அதுதான் உங்கள் போனின் உண்மையான வேகம்.

போன சித்திரையில் ஒரு டிரைவர் வந்தார். "அண்ணா, கோபாலபுரம் தாண்டுறதுக்குள்ள மேப் நின்னு நின்னு போகுதுங்க. புதுசு எடுத்துரட்டுமா?" போன் முன்கண்ணாடி ஹோல்டரில், நேர் வெயிலில், சார்ஜரோடு. ஹோல்டரைக் கீழே இறக்கி, தடித்த பவுச்சைக் கழற்றச் சொன்னேன். இன்றும் அதே போன்தான் ஓட்டுகிறார்.

உங்கள் போனில் முதலில் ஸ்டோரேஜைப் பாருங்கள். நிரம்பி வழிந்தால் காலி செய்யுங்கள், பேட்டரி தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்டோரேஜ் இஎம்எம்சி என்ற பழைய, மெதுவான வகை என்றால் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது: இஎம்எம்சி 5.1-க்கு உச்சம் நொடிக்கு 400 எம்பி, புது வகையான யுஎஃப்எஸ் 2.2 கிட்டத்தட்ட அதில் மூன்று மடங்கு. ஆப் திறக்கும்போது நீங்கள் உணரும் வேகத்தில் நல்ல பங்கு அங்கேதான் இருக்கிறது.