‘வாங்கு’ என்று அழுத்தினால் வாங்கியதாகுமா? – நுகர்வோர் கேள்வி பதில்

கேள்வி: வாடகைக்கு அல்ல, முழு விலை கொடுத்துத்தான் டிஜிட்டலில் ஒரு படம் வாங்கினேன். இப்போது என் லைப்ரரியில் அது இல்லை. விற்ற பொருளை அவர்களே திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் காசு கொடுத்தது படத்துக்கு அல்ல, அதைப் பார்ப்பதற்கான லைசென்ஸுக்கு. கடையும் படத்தின் உரிமையாளரிடம் ஒப்பந்தம் போட்டுத்தான் விற்கிறது. அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் படம் சர்வரிலிருந்து இறக்கப்படலாம். அதற்கு வழிவிடும் வரி, படிக்காமலே நாம் ‘ஏற்கிறேன்’ என்று டிக் அடிக்கும் நிபந்தனைகளில் எங்காவது இருக்கும்.

2009 ஜூலையில் அமேசான், விற்கும் உரிமை இல்லாத ஒருவர் ஏற்றியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் வாசகர்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போயின. 2023 டிசம்பரில், பிளேஸ்டேஷனில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளை வாங்கியவர்களின் லைப்ரரியிலிருந்து அவை நீங்கும் என்று சோனி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு உரிமையாளரோடு புதிய ஏற்பாடு செய்து முடிவைக் கைவிட்டது. வாங்கியவர்கள் தப்பித்தார்கள்தான், ஆனால் இரண்டு நிறுவனங்கள் பேசி முடித்ததால்தான் அது நடந்தது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், கிடைப்பது லைசென்ஸ் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போட்டு டிஜிட்டல் சரக்கை விற்கக்கூடாது. அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கும் உண்டு: நிரந்தரமாக டவுன்லோட் செய்து, இணையம் இல்லாமலே பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு அது பொருந்தாது. என் பார்வையில் உடைமைக்கான கோடு அங்கேதான் விழுகிறது. டிஸ்க்கா டிஜிட்டலா என்பது இரண்டாவது கேள்வி.

சண்டைக்குப் போகும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். வேறு மின்னஞ்சலில் திறந்த பழைய அக்கவுன்ட்டில் வாங்கியிருக்கிறீர்களா? அக்கவுன்ட்டின் நாட்டை மாற்றினீர்களா? (நாடு மாறினால் அந்த நாட்டில் உரிமை இல்லாத படங்கள் காணாமல் போகும்.) ‘மறைக்கப்பட்டவை’ பட்டியலுக்குப் போய்விட்டதா? ஆர்டர் வரலாற்றில் அந்த வரி இன்னும் இருக்கிறதா? நான்கிலும் விடை கிடைக்காவிட்டால் ரசீது மின்னஞ்சலையும் லைப்ரரியின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து எழுத்தில் ரீஃபண்ட் கேளுங்கள். தொலைபேசியில் பேசினால் உங்கள் கையில் ஆதாரம் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: அப்படியானால் கேம்களை டிஸ்க்காக வாங்கினால் கவலை இல்லையா?

பதில்: டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெட்டி பெரிதாக இருக்கும், உள்ளே டவுன்லோட் செய்வதற்கான குறியீட்டு எண் அச்சிட்ட காகிதம் மட்டும் இருக்கும். அது டிஜிட்டல் கொள்முதலுக்குப் போட்ட அட்டைச் சட்டை. அடுத்த வகை, 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இன் ‘கேம்-கீ கார்டு’. கார்டில் கேம் கிடையாது, டவுன்லோட் செய்வதற்கான சாவி மட்டுமே உண்டு. அதை மறுவிற்பனை செய்யலாம், கடன் கொடுக்கலாம். ஆனால் டவுன்லோட் சர்வர் நின்ற நாளுக்குப் பிறகு புதிய கருவியில் அந்தக் கார்டால் பயன் இல்லை. பெட்டியின் முன்பக்கத்தின் அடியில் இது அச்சிடப்பட்டிருக்கும், பில் போடும் முன் படித்துவிடுங்கள்.

மூன்றாவது வகைதான் பலரை ஏமாற்றுகிறது. கேமின் தரவு டிஸ்க்கில் இருக்கும், ஆனால் சர்வரோடு பேசாமல் ஓடாது. யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ கார்ப்பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. தனி ஆளாக ஆடுவதற்கும் சர்வர் தேவைப்பட்டதால், டிஸ்க் வைத்திருந்தவர்களும் வெளியே நின்றார்கள்.

சோதிப்பது எளிது. கருவியின் வைஃபையை அணைத்து, கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். டிஸ்க்கிலிருந்து இன்ஸ்டால் செய்து புதிய ஆட்டம் தொடங்குங்கள். முதல் கட்டம் மட்டும் ஓடி, பிறகு ‘மீதியை டவுன்லோட் செய்யவும்’ என்று நிற்கிறதா என்று பாருங்கள். கடையின் திரும்பப் பெறும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யுங்கள். இதில் தேறினாலும் டிஸ்க்கில் இருப்பது வெளியீட்டு நாளின் பதிப்புதான், பிழைத்திருத்தங்கள் சர்வரிலிருந்தே வரும். இன்னொன்று: பிளேஸ்டேஷன் 5-இல் தனியாக வாங்கிப் பொருத்தும் டிஸ்க் டிரைவுக்கு முதல் முறை இணைக்கும்போது இணையம் தேவை. டிரைவை இன்றே பொருத்திவிடுவது நல்லது.

கேள்வி: டிஜிட்டலில் உண்மையாகவே சொந்தமாக்கிக்கொள்ளக்கூடியது எதுவும் இல்லையா?

பதில்: நிறைய இருக்கிறது. நகலெடுப்பதையும் வேறு கருவியில் திறப்பதையும் தடுக்கும் பூட்டு, அதாவது டிஆர்எம், இல்லாத ஃபைல் கைக்கு வந்தால் அது கிட்டத்தட்ட புத்தகம் போலத்தான். ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2009-லேயே பாடல்களுக்குப் பூட்டை எடுத்துவிட்டது. இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய வடிவம்) அல்லது எம்பி3 ஃபைலாகவே தருகிறார்கள். கேம்களில் ஜிஓஜி தளம் தனி இன்ஸ்டாலர் ஃபைலைக் கொடுக்கிறது, அதை ஓட்ட அவர்களின் செயலி தேவையில்லை. பூட்டில்லாத இபப் (இபுத்தக வடிவம்) ஃபைல் தரும் பதிப்பாளர்களும் உண்டு.

வாங்கிவிட்டு அவர்களின் சர்வரிலேயே விட்டு வைத்தால் பூட்டு இல்லாததால் பயன் இல்லை. வாங்கிய அன்றே டவுன்லோட் செய்யுங்கள். இணையத்தைத் துண்டித்து, அந்தக் கடையின் செயலி இல்லாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பிறகு மூன்று பிரதி: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளிப் பிரதிக்குப் பென் டிரைவை நம்ப வேண்டாம். ஃப்ளாஷ் நினைவகம் மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் தேங்கிய மின்னூட்டம் கசிந்து தரவு கெடும். ஃபோல்டரோடு ஓர் எஸ்எச்ஏ-256 பட்டியலையும் (ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்ட கைரேகை போன்ற எண்) சேமித்து, ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். சத்தமில்லாமல் கெட்ட ஃபைலைக் காட்டிக்கொடுப்பது அதுதான். ரசீதையும் அதே ஃபோல்டரில் போடுங்கள்.

கிண்டில் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: வாங்கிய நூலைத் தளத்திலிருந்து கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-இல் நிறுத்திவிட்டது. எந்த வசதிக்கும் இது நேரலாம் என்பதால்தான் ‘வாங்கிய அன்றே’ என்கிறேன்.

கேள்வி: டிஸ்க்குகள் தாமாகவே கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: சில கெடும். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் பிடிஓ ஆலை 1988 முதல் 1993 வரை தயாரித்த சிடிகளில் ஒரு பகுதி, மேற்பூச்சு சரியில்லாததால் ஓரத்திலிருந்து செம்பழுப்பாகி வீணாயிற்று. அச்சிட்ட டிஸ்க்குகளில் அத்தகைய குறை விதிவிலக்குதான். வீட்டில் எழுதிய சிடி-ஆர், டிவிடி-ஆர் வேறு ரகம்: அவற்றில் தரவைத் தாங்குவது சாயம், வெயிலும் சூடும் அதை வெளுக்கும்.

பெரும்பாலானோர் தவறான பக்கத்தைக் காக்கிறார்கள். சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர், ஆனால் தரவு இருப்பது பளபளப்பான அடிப்பக்கத்தில் அல்ல, பெயர் அச்சிட்ட மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழே. மேலே இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும். பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினாலோ ஒட்டிய லேபிளைப் பிய்த்தாலோ தரவும் போய்விடும். அடிப்பக்கக் கீறலை ஓரளவு பாலிஷ் போட்டு எடுக்கலாம். டிவிடியில் தரவு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. ப்ளூ-ரேயில் தரவு அடிப்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது, அதைக் காப்பது 0.1 மில்லிமீட்டர் உறைதான். அதைப் பாலிஷ் போடப் போய் டிஸ்க்கையே இழக்க வேண்டாம்.

துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். தடம் சுருளாக ஓடுகிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறு துளியைத்தான் கெடுக்கும், அதைப் பிளேயரின் பிழைதிருத்தக் கணக்கு ஈடுகட்டிவிடும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் ஒரே இடத்தில் நீளமாகத் தரவை அழிக்கும், அங்கே பிளேயர் சிக்கிக்கொள்ளும். மற்றபடி பெட்டியில் செங்குத்தாக, வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

இசை சிடிகளை ஃப்ளாக் ஃபைலாக மாற்றி வைக்கலாம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற செயலி, மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கொடுக்கும். டிவிடி, ப்ளூ-ரே விஷயத்தில் பூட்டை உடைப்பது அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் சட்டவிரோதம், சொந்த டிஸ்க்காக இருந்தாலும். அதனால் பிளேயரையும் பத்திரப்படுத்துங்கள். 4கே ப்ளூ-ரேயைக் கணினியில் முறைப்படி பார்ப்பதற்கு இன்டெல் சிப்பின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது. புதிய கோர் சிப்களில் இன்டெல் அதை நீக்கிவிட்டதால் அந்த வழி அடைபட்டது. தனி பிளேயர்தான் கதி.

கேள்வி: எனக்குப் பிறகு என் அக்கவுன்ட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியுமா?

பதில்: டிஸ்க் அலமாரியைக் கொடுக்கலாம், அக்கவுன்ட்டை முறைப்படி கொடுக்க முடிவது அரிது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தின் ஒப்பந்தப்படி அக்கவுன்ட்டை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. ஆப்பிளின் ‘லெகசி கான்டாக்ட்’ ஏற்பாட்டில் நீங்கள் நியமிப்பவருக்குப் புகைப்படங்களும் ஆவணங்களும் கிடைக்கும். வாங்கிய படம், பாடல், புத்தகம் கிடைக்காது. மறுவிற்பனையிலும் இதே நிலைதான்: இபுத்தகத்தைப் பழைய புத்தகம்போல் விற்க இடமில்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. பாஸ்வேர்டை எழுதி வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, ஆனால் அது நிறுவனம் கண்டுகொள்ளாதவரைதான். உண்மையிலேயே விட்டுச் செல்ல நினைப்பவற்றை மட்டுமாவது டிஸ்க்காகவோ பூட்டில்லாத ஃபைலாகவோ வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால் அதன் பாஸ்வேர்டையும் உயிலோடு வைக்க மறக்காதீர்கள்.