குடிக்கிற இடத்தில் என்ன ஓவியம்?

கேள்வி: என் மகன் டப்ளினில் வேலை பார்க்கிறான். அயர்லாந்தின் பப்களையும் தெருக்களையும் ஊர் ஊராகச் சுற்றி ஓர் ஓவியர் வரைந்த படங்களை காலண்டராக அனுப்பியிருக்கிறான். சிவப்புக் கதவு, தொங்கும் பூத்தொட்டி எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து படம் வரைவதற்கு இவ்வளவு மரியாதையா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: 'குடிக்கிற இடம்' என்று சொல்லித் தள்ளிவிட்டீர்கள். சரி, ஓவியத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த இடத்தைப் பார்த்துவிடுவோம்.

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் டிங்கிள் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே டிக் மேக்ஸ் என்ற பப்பில் ஒரு பக்கம் பீர் ஊற்றுகிற கவுண்டர், எதிர்ப் பக்கம் தோல் வேலை செய்கிற பட்டறை. அதே ஊரில் ஃபாக்ஸி ஜான்ஸ் என்று இன்னொன்று, அங்கே ஆணி, சுத்தியல், பெயின்ட் டப்பா வாங்கப் போகிறவரும் குடிக்கப் போகிறவரும் ஒரே கதவு வழியாகத்தான் நுழைவார்கள். டிப்பரரி மாவட்டத்தில் ஃபெதர்ட் என்ற ஊரில் மெக்கார்த்தீஸ் என்ற கடையில் பப்பும் உண்டு, சாப்பாடும் உண்டு, சவ அடக்கத்துக்கான ஏற்பாடும் உண்டு. ஊரில் ஒருவர் இறந்தால் சொல்லியனுப்புவது அந்த பப்புக்குத்தான். பப்புக்கும் சாவுக்கும் உள்ள இந்த உறவுக்குப் பின்னால் ஒரு பழைய சட்டமே இருந்தது. 1846-இல் வந்த சட்டப்படி, வழியில் இறந்து கிடப்பவரின் உடலை விசாரணை முடியும்வரை பக்கத்திலிருக்கும் பப்பில் வைக்க வேண்டும், கடைக்காரர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. பீர் பீப்பாய் வைக்கிற நிலவறை குளிர்ச்சியாக இருக்கும், ஊரில் வேறெங்கும் அந்தக் குளிர்ச்சி கிடையாது. 1962-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. மளிகை வாங்கவும், இழவு சொல்லவும், கல்யாணம் பேசவும், பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் ஓர் ஊருக்கு இருந்த ஒரே கூரையை 'குடிக்கிற இடம்' என்று மட்டும் சொன்னால் முக்கால்வாசி விட்டுப்போகிறது.

அதற்காக அதைக் கோயிலாக்கவும் நான் தயாரில்லை. பெண்களை அந்த இடம் நடத்திய விதம் மோசம். 'ஸ்னக்' என்று கவுண்டரை ஒட்டி ஒரு சின்ன அடைப்பு அறை இருக்கும், சின்ன ஜன்னல் வழியாக கிளாஸ் உள்ளே வரும், யார் வாங்கினார்கள் என்று வெளியே தெரியாது. பெண்கள் அங்கே ஒளிந்து உட்கார்ந்துதான் குடித்தார்கள். 1970களில்கூட பெண்ணுக்கு முழு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் கிளாஸ்) ஊற்ற மாட்டோம் என்று சொன்ன பப்கள் டப்ளினிலேயே இருந்தன. 2000-இல் வந்த சமநிலைச் சட்டம்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பழைய பப் ஓவியங்களில் பெண் முகத்தைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு அரிது என்று தெரியும். இதையும் அந்தப் படங்கள்தான் நமக்குச் சொல்கின்றன.

இப்போது ஓவியத்துக்கு வருகிறேன். டப்ளின் பப்களை வரைந்தவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஹாரி கெர்னாஃப். 1900-இல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ரஷ்யாவிலிருந்து வந்தவர், மேசை நாற்காலி செய்கிற தச்சர். 1914-இல் குடும்பம் டப்ளினுக்கு வந்தது. பகலில் அப்பாவின் பட்டறையில் வேலை, மாலையில் ஓவியப் பள்ளி. 1923-இல் ஓவிய மாணவர்களுக்கான டெய்லர் உதவித்தொகை கிடைத்த பிறகு முழுநேர ஓவியர். வந்தேறியாக வந்த பையன், அந்த ஊர்க்காரர்கள் யாரும் பார்க்காத அளவுக்கு அந்த ஊரைப் பார்த்தார். துறைமுகம், சந்து, வேலையில்லாமல் நிற்கிறவர்கள், பப்பில் உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று எல்லாம் வரைந்தார், மரச்செதுக்குப் படங்களும் செய்தார். 1941-இல் டேவி பர்ன்ஸ் பப்பை வரைந்திருக்கிறார், எதிரே இருந்த பெய்லி பப்பிலிருந்து பார்க்கிற கோணத்தில். அந்தக் கோணத்தைக் கவனியுங்கள். ஒரு பப்பில் இருந்துகொண்டு, தெருவைத் தாண்டி இன்னொரு பப்பைப் பார்க்கிறார். நடுவில் இருக்கிற தெருவும் தானாகப் படத்துக்குள் வந்துவிடுகிறது. இரண்டு பேர் குடித்துக்கொண்டிருக்கும் ஒரு படமும் உண்டு, 'ஒற்றைச் சிறகில் எந்தப் பறவையும் பறந்ததில்லை' என்று பெயர். இரண்டாவது கிளாஸுக்கு நண்பரை இழுக்கும்போது அந்த ஊரில் சொல்கிற வாக்கியம் அது. அந்தப் பெயரை வைக்க, அதை நூறு தடவையாவது காதால் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் காலண்டர் மேல் எனக்கு வருத்தம் இருந்தால் அது இந்த விஷயத்தில்தான். சிவப்புக் கதவு, பூத்தொட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் யாராவது இருக்கிறார்களா? டப்ளினில் டெம்பிள் பார் என்ற பகுதியின் மூலையில் இருக்கும் அந்தச் சிவப்பு பப்பை நின்று ஒரு போட்டோ எடுத்து, வீட்டுக்குப் போய் அதன் மேல் வாட்டர்கலர் பூசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போட்டோ பார்த்து வரைவதைப் பற்றி இதே பக்கத்தில் முன்பு நான் எழுதியபோது ஓர் ஓவிய ஆசிரியர் 'உமக்கு ஓவியம் பற்றி என்ன தெரியும்' என்று கோபமாக மூன்று பக்கக் கடிதம் போட்டார். அவர் இதைப் படித்தால் இன்னொரு கடிதம் வரும், வரட்டும், என் கருத்து மாறவில்லை. கட்டடத்தை கேமரா நன்றாகவே எடுக்கும், அதற்கு ஓவியர் தேவையில்லை. ஒரு பைன்ட் கருப்பு பீரை ஒழுங்காக ஊற்றுவதற்கே இரண்டு நிமிடம் ஆகும். முக்கால் கிளாஸ் ஊற்றி, நுரை அடங்கும்வரை விட்டுவிட்டு, பிறகு மீதி. அந்த இரண்டு நிமிடமும் கவுண்டரில் நிற்கிறவர் என்ன செய்கிறார், கையை எங்கே வைக்கிறார், யாரைப் பார்க்காத மாதிரி பார்க்கிறார் என்பதைப் பிடிக்கத்தான் ஓவியர் வேண்டும். இதைவிட மோசம், 1990களிலிருந்து டப்ளினில் மரமும் கண்ணாடியும் செய்து பெட்டியில் போட்டு உலகத்தின் எந்த நகரத்துக்கும் அனுப்புகிற ரெடிமேட் ஐரிஷ் பப். அந்த அலங்காரத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்குத்தான் பூத்தொட்டிப் படங்கள் உண்மையான அயர்லாந்தாகத் தெரிகின்றன.

தெருவில் சும்மா சுற்றுவது வேலையா என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது ஜாக் யேட்ஸை. கவிஞர் யேட்ஸின் தம்பி, 1871-இல் பிறந்து 1957-இல் மறைந்தவர். பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்கெட்ச் புக். சந்தை, சர்க்கஸ், குதிரைப் பந்தயம், டிராம் எதையும் விட்டதில்லை. அவர் விட்டுச்சென்ற ஸ்கெட்ச் புக்குகள் 200-க்கும் மேல். 1905-இல் ஐரிஷ் நாடக ஆசிரியர் ஜான் சிங்குடன் மேற்கு அயர்லாந்தில் கானமாராவிலும் மேயோவிலும் வறுமை வாட்டிய கிராமங்களைச் சுற்றினார். சிங் எழுத, இவர் வரைய, மான்செஸ்டர் கார்டியன் என்ற ஆங்கில நாளிதழில் அது தொடராக வந்தது. 1914 ஜூலை 26 அன்று டப்ளினில் பேச்சலர்ஸ் வாக் என்ற ஆற்றங்கரைத் தெருவில் பிரிட்டிஷ் ராணுவம் கூட்டத்தைச் சுட்டது, அங்கேயே மூன்று பேர் இறந்தார்கள். யேட்ஸ் துப்பாக்கியை வரையவில்லை, ரத்தத்தையும் வரையவில்லை. ஒரு பூக்காரப் பெண் அந்த இடத்தைக் கடக்கும்போது வாசலில் ஒரு பூவைப் போடுகிறாள், அவ்வளவுதான் படம். 1915-இல் வரைந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்து இப்படி ஒரு படத்துக்கு யாராலும் வர முடியாது, அந்தத் தெருவில் நடந்த கால் வேண்டும்.

1923-இல் யேட்ஸ் வரைந்த, டப்ளினின் லிஃபி ஆற்று நீச்சல் பந்தயப் படத்திலும் அப்படியே. நீந்துகிறவர்கள் தூரத்தில் சின்னதாகத் தெரிகிறார்கள். படத்தை நிறைப்பது எட்டி எட்டிப் பார்க்கிற கூட்டம், தொப்பிகள், முதுகுகள். பார்க்கிற நாமும் அந்தக் கூட்டத்துக்குள் யாருடைய தோளுக்கோ பின்னால் நிற்கிறோம். அந்தக் காலத்தில் ஒலிம்பிக்கில் கலைக்கும் போட்டி உண்டு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் படம் வெள்ளி வாங்கியது. சுதந்திர அயர்லாந்தின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கித் தந்தது ஓடுகிறவரோ எறிகிறவரோ இல்லை, தெருவை வேடிக்கை பார்த்த ஓர் ஓவியர். கேள்விக்கு இதுவே போதும், ஆனாலும் பப் என்று பேச்சு வந்துவிட்டதால் இன்னொருவரைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

டப்ளின் நாளிதழான ஐரிஷ் டைம்ஸின் ஆசிரியர் ஸ்மைலி. 1934 முதல் 1954 வரை ஆசிரியர். மாலையானால் டப்ளின் ஃப்ளீட் தெருவில் பேலஸ் பார் என்ற பப்பில் வந்து உட்காருவார். கவிஞர்கள், ஓவியர்கள், கட்டுரை கையில் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் அவரைப் பார்ப்பார்கள். 1940-இல் ஆலன் ரீவ் என்ற நியூசிலாந்து கேலிச்சித்திரக்காரர் அந்தக் கூட்டத்தை மொத்தமாக ஒரே படத்தில் வரைந்தார். ஒரு நாட்டின் இலக்கியம் ஒரு அறைக்குள் உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருப்பதை அதில் பார்க்கலாம். பத்திரிகை ஆசிரியர் தன் அறையை விட்டு வெளியே வந்து, யாரும் வந்து பேசக்கூடிய இடத்தில் உட்கார வேண்டும் என்று நான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். அதற்கு டீக்கடை போதும், பப் வேண்டாம். மின்னஞ்சலில் வருகிற கட்டுரைக்கு முகம் கிடையாது, எழுதியவருக்கும் நமக்கும் ஒரு சண்டைகூட வருவதில்லை.

அந்தப் புகையும் இப்போது இல்லை. 2004 மார்ச் 29 முதல் அயர்லாந்தில் பப்புக்குள் புகைக்கக் கூடாது. உடம்புக்கு நல்லது, சந்தேகமே இல்லை. புகைக்கிறவர்கள் வாசலுக்கு வந்தார்கள், பாதி பேச்சு அவர்களோடு தெருவுக்கு வந்தது. இன்றைக்கு பப்பை வரைகிறவர் உள்ளேயிருந்து வரைவதா வாசலில் நின்று வரைவதா என்று யோசிக்க வேண்டும், இரண்டும் வேறு வேறு கூட்டம்.

உங்கள் காலண்டரைப் புரட்டி, எந்தப் படத்திலாவது முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பார்த்து 'இவர் யாருக்காகக் காத்திருக்கிறார்' என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் அந்தப் பக்கத்தைக் கிழித்து சட்டம் போட்டு மாட்டுங்கள். அப்புறம் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். மெரியன் சதுக்கத்தில் தேசிய ஓவியக் கூடம் இருக்கிறது, அங்கிருக்கிற நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. லிஃபி நீச்சல் படம் அவர்களிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை போகட்டும், போனை பைக்குள் வைத்துவிட்டுப் போகட்டும்.