பணிப்பதிவேட்டைத் திறந்து பார்த்தீர்களா?

சேலம் கோட்டை மைதானத்தில் அரசு ஊழியர் சங்கங்களின் ஆர்ப்பாட்டம் நடக்கிற வாரமென்றால் எனக்கு வரும் கேள்விகள் இரண்டு மடங்காகிவிடும். கருவூலத்தில் முப்பத்தொரு வருடம் பில் பார்த்தவன் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் யாரும் விடுவதில்லை. இந்த முறை வந்தவற்றில் சில.

*2004-ல் வேலையில் சேர்ந்தேன். பழைய ஓய்வூதியம் எனக்கு வருமா, வராதா? ஒரே வரியில் சொல்லுங்கள் சார். (ஆசிரியை, ஏற்காடு)*

பழையது அப்படியே வரவில்லை டீச்சர். ஆனால் வெறுங்கையும் இல்லை.

1.4.2003 முதல் சேர்ந்தவர்கள் எல்லாரும் சிபிஎஸ் எனும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தார்கள். அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டும் சேர்ந்ததில் மாதம் 10 சதவீதம் பிடித்தம். அரசும் அதே அளவு போட்டது. ஓய்வு பெறும்போது சேர்ந்த பணம் வட்டியோடு கைக்கு வந்தது, மாதாமாதம் வரும் ஓய்வூதியம் மட்டும் இல்லை. சங்கங்கள் இருபது வருடமாகச் சண்டை போட்டது இதற்குத்தான். 2026 ஜனவரியில் அரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தில், கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதம் உறுதி. குடும்ப ஓய்வூதியம் அந்த ஓய்வூதியத்தில் 60 சதவீதம். ஆனால் உங்கள் 10 சதவீதப் பிடித்தம் தொடரும். பழைய திட்டத்தில் ஊழியர் பைசா கொடுக்க வேண்டியதில்லை. வித்தியாசம் அங்கேதான்.

இதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறேன். எந்தத் திட்டம் வந்தாலும் கடைசியில் கேட்கப்போவது இரண்டே விஷயம்: எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள், பிடித்த பணம் எங்கே? ஆரம்ப வருடங்களில் சேர்ந்தவர்களுக்கு சிபிஎஸ் எண் தாமதமாகக் கிடைத்தது. எண்ணில் ஒரு இலக்கம் மாறிப்போய், பிடித்த பணம் கணக்கில் ஏறாமல் நின்ற கதைகள் நிறைய. கணக்குத் தாளை எடுத்து, மாதவாரியாகப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். விடுபட்ட மாதம் தெரிந்தால், அந்த மாதச் சம்பளப் பட்டியல் எந்த அலுவலகத்தில் போடப்பட்டதோ அங்கே டோக்கன் எண்ணும் வவுச்சர் எண்ணும் கேட்டு வாங்குங்கள். ஓய்வுக்கு மூன்று மாதம் முன்னால் இந்த வேலையைத் தொடங்கியவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பணிப்பதிவேடும், அதாவது உங்கள் பணி விவரம் முழுக்க எழுதிவைக்கும் புத்தகமும், அப்படித்தான். மலை மேல் ஒரு அலுவலகத்தில் (எது என்று சொல்லமாட்டேன்) மழைக்காலத்தில் பீரோவின் அடித்தட்டில் ஈரம் ஏறி, ஒருவருடைய பதிவேட்டில் நாலு பக்கம் அப்பளம்போல் ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது மை இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. அதில் போனது அவருடைய ஆறு வருடப் பணிச் சரிபார்ப்பு. பழைய சம்பளப் பட்டியல்களைத் தோண்டி எடுத்து மறுபடி எழுத எட்டு மாதம் ஆயிற்று. இப்போது பதிவேடுகள் ஸ்கேன் ஆகிக் கணினிக்குப் போய்விட்டன, நல்லதுதான். ஆனால் ஒட்டியிருந்த விடுப்புச் சீட்டு மடிந்தபடியே ஸ்கேன் ஆகியிருந்தால், அதன் அடியில் இருப்பது கணினிக்கும் தெரியாது. வருடம் ஒருமுறை உங்கள் கண்ணால் பாருங்கள்.

*21 மாத நிலுவை என்று ஒவ்வொரு கோரிக்கைப் பட்டியலிலும் வருகிறதே, எவ்வளவுதான் போயிற்று? (இளநிலை உதவியாளர், அம்மாப்பேட்டை)*

ஏழாவது ஊதியக்குழுவின் திருத்திய ஊதியம் 1.1.2016 முதல் கருத்தளவில் நிர்ணயம், அதாவது காகிதத்தில் மட்டும். பணப்பயன் மட்டும் 1.10.2017 முதல். இடையில் விட்டுப்போன மாதங்கள்தான் 21.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2016 தொடக்கத்தில் ஒருவருக்கு அடிப்படை ஊதியமும் தர ஊதியமும் சேர்ந்து 10,000 ரூபாய். 125 சதவீத அகவிலைப்படியோடு அவர் வாங்கியது 22,500. ஊதியத் திருத்தத்துக்கான பெருக்கெண் 2.57. அந்த 10,000-ஐ அதனால் பெருக்கினால் புதிய ஊதியம் 25,700. மாதத்துக்கு 3,200 வித்தியாசம். அடுத்தடுத்த அகவிலைப்படி உயர்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டு ஊதிய உயர்வை விட்டுவிட்டாலும், 21 மாதத்துக்குச் சுமார் 65,000 ரூபாய். உங்கள் அப்போதைய சம்பளத்தை இதே விகிதத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வருமா என்று கேட்டால், வருடம் ஓட ஓட இந்தக் கோரிக்கை பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் நான் பார்ப்பது.

*வேலை பார்ப்பது ஏற்காட்டில், குடியிருப்பது அஸ்தம்பட்டியில். தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறேன். சேலத்துக்கு உரிய வீட்டு வாடகைப்படி கேட்கலாமா?*

முடியாது. வீட்டு வாடகைப்படி பணிபுரியும் ஊரை வைத்து. மலைப்பகுதிக்கான படியும் அங்கே வேலை பார்க்கிற வரைதான், கீழே மாற்றலாகி வந்த நாளோடு நிற்கும். முதுகு வலிக்குப் படி கிடையாது.

*வேலைநிறுத்தம் செய்தால் சம்பளம் மட்டும்தான் போகுமா? (பெயர் வேண்டாம்)*

2003 நினைவிருக்கிறதா? அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 1,70,000 பேர் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். எங்கள் பிரிவில் பாதி நாற்காலி காலி. அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. 1973 நடத்தை விதிகளும் அதைத் தடுக்கின்றன. ஆக, வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதோடு ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம். அலுவலக நேரம் முடிந்து நாட்டாண்மைக் கழகக் கட்டடம் முன்னால் நின்று கோஷம் போடுவது வேறு கதை.

2019 ஜனவரிப் போராட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த நாட்களைப் பணிக்காலமாக வரன்முறைப்படுத்துவதாக 2021-ல் அறிவித்தார்கள். அறிவிப்பு பேப்பரில் வந்தது, சரி. உங்கள் பதிவேட்டில் வந்ததா? பாருங்கள்.

*சத்துணவில் சமையல் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாவுக்கு ஏன் இவ்வளவு சொற்ப ஓய்வூதியம்? (செவ்வாய்ப்பேட்டை)*

அவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம், அதாவது மற்ற அரசு ஊழியரின் வழக்கமான காலமுறை ஊதியத்திலிருந்து வேறானது, அதனால் ஓய்வூதியமும் தனி. வெகுகாலம் 2,000 ரூபாயில் நின்றது. காலமுறை ஊதியம் பெற்ற அரசு ஊழியருக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியமே 7,850. சங்கங்கள் கேட்டது 6,750-ம் அகவிலைப்படியும். இந்தப் பட்டியலில் எனக்கு மனதார உடன்பாடுள்ள கோரிக்கை இதுதான். விடியலில் அடுப்பு பற்றவைத்தவர்களை மாத்திரை செலவுக்குக்கூட பிள்ளைகளிடம் கையேந்த விடக்கூடாது.

*எனக்கு 79 முடிகிறது. 80-ல் கூடுதல் ஓய்வூதியம் என்கிறார்களே? (ஓய்வூதியர், சூரமங்கலம்)*

ஆமாம் ஐயா. 80 முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல், 85-ல் 30, 90-ல் 40. அதற்கும் அகவிலைப்படி உண்டு. உங்கள் பிறந்த தேதி ஓய்வூதியப் புத்தகத்தில் இருப்பதால் சிரமம் இல்லை. அதே புத்தகத்தில் உங்கள் மனைவியின் பிறந்த தேதி எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பல பழைய புத்தகங்களில் அந்த இடம் காலி. பின்னாளில் அவர் குடும்ப ஓய்வூதியம் வாங்கி 80-ஐத் தொடும்போது, வயதுச் சான்றுக்காக யார் அவரைக் கருவூலத்துக்கும் வீட்டுக்கும் நடத்துவது? நீங்கள் இருக்கும்போதே, ஆதார் நகலோடு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.