பிரண்டைக் கொடியும் பத்தடிச் சுவரும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் துணி வடிவமைப்பு இறுதியாண்டு மாணவி. அப்பா லுங்கித் தறி ஓட்டுகிறார். ஆண்டிறுதித் திட்டப்பணிக்காக, இயற்கையை அடிப்படையாகக் கொண்ட வால்பேப்பர் தொகுப்பு ஒன்றைச் செய்து வருகிறேன். ரோஜா, பியோனி, அகன்ற வெப்பமண்டல இலைகள் என்று நிறைய வரைந்துவிட்டேன். அச்செடுத்துச் சுவரில் மாட்டியபோது, புடவையை விரித்துத் தொங்கவிட்டது போல் இருக்கிறது என்று ஆசிரியை சொன்னார். எங்கே தவறுகிறேன்? எங்கள் ஊர்ப் பக்கம் பாறையும் முள்ளும் தவிர வரைவதற்கு எதுவும் இல்லையே என்ற வருத்தமும் எனக்கு உண்டு.
– வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் ஆசிரியை சரியாகவே கணித்திருக்கிறார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். புடவையில் இருக்கும் புட்டா கொசுவத்துக்குள் பாதி மறைகிறது, முந்தியில்தான் முழுதாக விரிகிறது, கட்டியிருப்பவர் நடக்கும்போது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஒரே புட்டா எத்தனை முறை திரும்பி வந்தாலும் கண் அலுத்துப்போவதில்லை. சுவரில் மடிப்பும் இல்லை, அசைவும் இல்லை. பத்தடி உயரப் பரப்பு முழுவதும் ஒரே தளத்தில், நாள் முழுக்கக் கண்ணெதிரே நிற்கிறது. பூக்களுக்கு இடையே நீங்கள் விட்ட வெற்றிடங்கள் அடுத்தடுத்த ரிப்பீட்டுகளில் (திரும்பத் திரும்ப வரும் ஒரு முழு வடிவ அலகே ரிப்பீட்) ஒன்றோடொன்று சேர்ந்து, நீங்கள் வரையாத சாய்வுக் கோடுகளை உண்டாக்கிவிடும். மற்றவற்றைவிடச் சற்று அடர்ந்துவிட்ட ஒரே ஒரு பூ, சுவர் முழுவதும் வரிசை கட்டி முன்னால் வந்து நிற்கும். புடவையில் மன்னிக்கப்படுகிற இந்தக் குறைகளைச் சுவர் மன்னிப்பதில்லை.

ஆனால் இதைவிட அடிப்படையான காரணம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பியோனிச் செடியை நீங்கள் நேரில் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது குளிர்நாட்டுச் செடி. படத்தில் கிடைப்பது அந்தப் பூவின் முகம் மட்டுமே. அதன் தண்டு எங்கே வளைகிறது, இலை எந்தப் பக்கம் கிளைக்கிறது, மொட்டு எந்த இடத்தில் அரும்புகிறது என்பதைப் படம் உங்களுக்குச் சொல்லவில்லை. எனவே முகங்களை மட்டும் வரைந்து இடையிடையே இலைகளைச் செருகியிருப்பீர்கள். இயற்கையைப் பார்த்து வரைவது என்றால் செடி வளரும் முறையைப் பார்த்து வரைவது என்றே நான் கொள்கிறேன். வால்பேப்பரைப் பொறுத்தவரை இது வெறும் கொள்கை அல்ல. தண்டு போகும் வழியைத் தெரிந்து வைத்திருப்பவரால்தான் ஒரு ரிப்பீட்டின் மேல் விளிம்பை அடுத்த ரிப்பீட்டின் கீழ் விளிம்போடு தையல் தெரியாமல் இணைக்க முடியும்.

உங்கள் ஊரில் எதுவும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலியோரத்துப் பிரண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பட்டைகள் கொண்ட தண்டு ஒவ்வொரு கணுவிலும் இறுகிப் பிறகு விரிகிறது. கணுவின் ஒரு பக்கத்தில் இலை, அதற்கு எதிர்ப்பக்கத்தில் சுருண்ட பற்றுக்கம்பி. அடுத்த கணுவில் பக்கம் மாறுகிறது. முற்றிய தண்டில் இலைகள் உதிர்ந்து கணுக்கள் மட்டும் தெரியும். ஏறும் திசையும், சீரான இடைவெளியும், இடமும் வலமுமாக மாறி வரும் நடையும் அந்தச் செடியிலேயே இருப்பதால், ஒரு வடிவமைப்பாளர் வலிந்து உண்டாக்க வேண்டிய ரிப்பீட் பாதியளவு அங்கேயே அமைந்துவிட்டது. எருக்கு இதற்கு நேர்மாறானது. அதில் இலைகள் எதிரெதிராக இணை சேர்ந்து வரும், ஒவ்வோர் இணையும் முந்தைய இணைக்குக் குறுக்காகத் திரும்பி நிற்கும். ஆவாரையின் சிற்றிலைகள் நெருக்கமான சிறு பரப்புகளுக்குப் பொருந்தும். அணைக்கட்டு வட்டம் இலவம்பாடியில் விளைந்து, புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட வேலூர் முள்ளுக் கத்தரியைப் பூக்கும் பருவத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கவிழ்ந்து தொங்கும் ஊதாப் பூ, மஞ்சள் மகரந்தப்பைகள், காயைப் பிடித்திருக்கும் முள் நிறைந்த பச்சைப் புல்லி ஆகியவற்றை இதுவரை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. பியோனியைப் பல்லாயிரம் சுவர்களில் பார்த்தாயிற்று.

வகுப்பில் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1862-இல் அவர் வரைந்த முதல் வால்பேப்பர், தம் வீட்டுத் தோட்டத்து மூங்கில்தட்டி போன்ற மரச்சட்டத்தில் ரோஜாக்கொடி ஏறுவதைக் காட்டியது. அதில் உள்ள பறவைகளை அவருடைய கட்டடக்கலை நண்பர் பிலிப் வெப் வரைந்தார். 1887-இல் வந்த வில்லோ மரக்கிளை வடிவத்தில் பூவே கிடையாது, முழுவதும் இலைகள்தாம். அந்த மரம் அவர் ஊர் ஆற்றங்கரையில் சாதாரணமாக நிற்பது. மாணவர்கள் அவருடைய இலையைப் பார்த்து இலை வரைவதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வீட்டைச் சுற்றி வளர்வதை உற்றுப் பார்க்கும் பழக்கம்.

சுவருக்கென்று வரையும் கலை நமக்கு அந்நியமானதும் அன்று. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏற்றி எழுதப்பட்ட துணிகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வீட்டுச் சுவர்களில் ஏறின. லண்டனில் வாழ்ந்த சாமுவேல் பெப்பிஸ், தம் மனைவியின் படிப்பறைச் சுவர்களை உள்ளே மூட இந்தியச் சித்திரத்துணி வாங்கியதை 1663 செப்டம்பர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். உள்நாட்டு நெசவைக் காக்க வேண்டி பிரான்ஸ் 1686-இலும், இங்கிலாந்து 1701-இலும் 1721-இலும் இத்தகைய துணிகளுக்குத் தடை விதிக்கும் அளவுக்கு அவை பரவியிருந்தன. அங்கே வால்பேப்பர் அச்சிட்டவர்களும் இந்தக் கொடிகளைக் காகிதத்தில் பின்பற்றினார்கள். இதே போல் துணியில் கையால் எழுதும் கலம்காரிக்குப் பேர்போன காளஹஸ்தி, 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை, உங்கள் ஊரும் அடங்கிய பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததாகவே இருந்தது. இப்படிக் கடல் கடந்த பெரிய விரிப்புகளில் அடிக்கடி காணப்படும் அமைப்பு ஒன்று உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்: அடியில் ஒரு பாறைக் குன்று, அதன் இடுக்கிலிருந்து எழும் ஒரே மரம், வளைந்து வளைந்து மேலே போய்ப் பரப்பு முழுவதையும் நிறைக்கும் கிளைகள். பாறைக்கு நடுவே செடி முளைப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். தொகுப்பின் முதன்மை வடிவத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை. வேலூர்க் கோட்டைக்குப் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் விதானத்தையும் அண்ணாந்து பாருங்கள். நடுத் தாமரையைச் சுற்றித் தலைகீழாக நிற்கும் கிளிகள், ஒரே உருவை வட்டத்தில் திரும்பத் திரும்ப வைத்தும் சலிப்பில்லாமல் செய்வது எப்படி என்பதற்கு நல்ல பாடம்.

இனி அளவுகளுக்கு வருவோம். பெரும்பாலான மாணவர்கள் கடைசி நேரத்தில் தடுமாறுவது இங்கேதான். கடைகளில் 57 சதுர அடி ரோல் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் 53 செ.மீ. அகலமும் ஏறத்தாழ 10 மீட்டர் நீளமும் கொண்டது. பத்தடிச் சுவருக்கு, மேலும் கீழும் வெட்டிச் சரிசெய்ய விடும் இடத்தோடு சேர்த்து, மேலிருந்து கீழ் வரை ஒட்டும் ஒரு காகிதப் பட்டைக்கு 315 செ.மீ. வேண்டும். பக்கத்துப் பட்டையோடு வடிவம் பொருந்த, ஒவ்வொரு பட்டையும் ரிப்பீட்டின் அதே இடத்தில் தொடங்க வேண்டும். உங்கள் ரிப்பீட் 64 செ.மீ. என்றால் ஐந்து ரிப்பீட் 320 செ.மீ.; ஒரு ரோலில் மூன்று பட்டைகள் கிடைத்துவிடும். அதே வடிவத்தை ஆசைப்பட்டு 100 செ.மீ. ரிப்பீட்டாகப் பெரிதாக்கினால் ஒவ்வொரு பட்டையும் 400 செ.மீ. இடைவெளியில்தான் தொடங்க முடியும்; இரண்டு பட்டைகளோடு ரோல் தீர்ந்துபோகும், மிச்சம் வீண். ஹாஃப் டிராப் முறையில், அதாவது பக்கத்துப் பட்டையில் வடிவம் அரை ரிப்பீட் இறங்கி வரும் முறையில், அடுத்த பட்டை 32 செ.மீ. இறங்கித் தொடங்க வேண்டும் என்பதால், 64 செ.மீ. ரிப்பீட்டில்கூட ஒரே ரோலிலிருந்து வரிசையாக வெட்டினால் மூன்றாம் பட்டைக்குச் சற்றே பற்றாமல் போகும். இரண்டு ரோல்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒற்றைப்படைப் பட்டைகளை ஒன்றிலும் இரட்டைப்படைப் பட்டைகளை மற்றொன்றிலும் வெட்டினால் இரண்டிலும் மும்மூன்று கிடைக்கும். ஒட்டுபவருக்கான குறிப்பாக இதை உங்கள் திட்ட அறிக்கையில் எழுதுங்கள். தேர்வாளர் அதைக் கவனிப்பார். ஒரு குறிப்பிட்ட சுவரை அளந்து டிஜிட்டலில் அச்சிடுவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் தொகுப்பு என்று சொல்லிவிட்டால் ரோலுக்கு வரைவதே முறை.

வரைந்ததை எப்போதும் ஒன்பது ரிப்பீட்டாக, மேலும் கீழும் பக்கவாட்டிலும் மூன்று மூன்றாக, உண்மை அளவில் அச்செடுத்து ஒட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் முன்பு சொன்ன சாய்வுக் கோடுகள் உடனே தெரிந்துவிடும். கணினித் திரையில் அவை தெரிவதில்லை.

வண்ணத்தில் கை அடக்கம் வேண்டும். துணியில் அழகாகத் தெரியும் செறிவு நான்கு சுவர்களில் பரவும்போது கண்ணை உறுத்தும். பின்புல நிறமே அந்த அறையின் நிறமாகிவிடுகிறது. உங்கள் ஊர்ப் பாறையின் இளஞ்சிவப்பு கலந்த சாம்பல், பாலாற்று மணல், பிரண்டையின் மங்கிய பச்சை ஆகியவற்றைப் பெரிய பரப்புக்கு வைத்துக்கொண்டு, ஆவாரம்பூ மஞ்சளையும் கத்தரிப்பூ ஊதாவையும் மிகச் சிறிய இடத்தில் மட்டும் விடுங்கள். வேலூர் வெயில் நுழையும் அறையில் காலையிலும் உச்சிப்பொழுதிலும் இரவு விளக்கிலும் மாதிரியைப் பார்க்காமல் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். மையின் ஒளி உறுதியை, அதாவது வெளிச்சத்தில் நிறம் மங்காமல் நிற்கும் திறனை, நீங்கள் துணிக்குப் பயன்படுத்தும் அதே 1 முதல் 8 வரையிலான நீலக் கம்பளி அளவில் அச்சகத்தாரிடம் கேட்டுப் பெறுங்கள்.

தொகுப்புக்கு எத்தனை வடிவங்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு முதன்மை வடிவம், அதோடு ஒரே அறையில் சேர்ந்து நிற்கக்கூடிய மூன்று நான்கு துணை வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வண்ணத் தொகுப்புகள் போதும். துணை வடிவங்களில் ஒன்றை உங்கள் அப்பாவின் தறியிலிருந்து எடுக்கலாம். லுங்கிக் கட்டத்தில் பாவும் ஊடையும் குறுக்கிடும் கோடுகளின் இடைவெளிகளைக் காகிதத்தில் அளந்து குறித்து, அந்தக் கட்டத்தையே வேலியாக வைத்துப் பிரண்டையை ஏற்றிப் பாருங்கள். எந்தக் கோட்டின் தடிப்பு எதை நிறுத்தும், எது எதை விழுங்கிவிடும் என்பதை அவரிடமே கேட்கலாம். கட்டத்தின் அளவு விகிதத்தில் அவருக்கு இருக்கும் பழக்கம் எந்த வகுப்பறையிலும் கிடைக்காது.

கேள்வி: புதுவீட்டுச் சுவருக்கு வால்பேப்பர் ஒட்ட விரும்புகிறோம். மழைக்காலத்தில் உரிந்துவிடும், பூசணம் பிடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: சுவரில் ஓதம் இருந்தால் உண்மை. புதுப் பூச்சு முழுவதும் காய்வதற்கு முன் ஒட்டக்கூடாது. குறைந்தது ஒரு வெயில்காலத்தையாவது சுவர் கடக்கட்டும். உப்புப் பூத்த சுவரிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும், நேரடியாக மழை அடிக்கும் வெளிச்சுவரின் உட்புறத்திலும் வேண்டாம். பட்டி பார்த்த சுவரானால் அதன் மேல் பிரைமர் அடித்த பிறகே பசை தடவ வேண்டும். இல்லையென்றால் காகிதத்தோடு பட்டியும் சேர்ந்து உரியும். வினைல் வகை துடைக்க எளிது, ஆனால் சுவரிலிருந்து வரும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுவதால் பூசணத்துக்கு வழி செய்கிறது. நம் பக்கத்து வீடுகளுக்கு, ஈரத்தை ஓரளவு வெளியே விடுகிற நான்-வோவன் (நெய்யாத இழைகளால் ஆன) வகையையே பரிந்துரைப்பேன். அதற்குப் பசையைச் சுவரில் தடவினால் போதும், காகிதத்தை ஊறவைக்க வேண்டியதில்லை.

கேள்வி: கல்லூரிக் கண்காட்சியில் வைக்கும் என் வடிவங்களை யாராவது எடுத்து அச்சிட்டுவிட்டால் என்ன செய்வது?
– மாணவர், ஆரணி

பதில்: கண்காட்சிக்கு முன்பே பதிவு செய்யுங்கள். வடிவமைப்புகள் சட்டம், 2000-இன்படி ஒரு வடிவம் புதியதாகவும், விண்ணப்பத்துக்கு முன் வெளியிடப்படாததாகவும் இருக்க வேண்டும். நீங்களே இணையத்தில் படம் போட்டுவிட்டாலும் அது வெளியீடாகவே கருதப்படலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். வரைந்தவருக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டே என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் அதை 50 முறைக்கு மேல் பொருளில் அச்சிட்டுவிட்டால், அந்த வடிவத்துக்கான பதிப்புரிமை முடிந்துவிடும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது.  விண்ணப்பத்தைச் சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகத்திலேயே கொடுக்கலாம். தேதியிட்ட வரைபடங்களையும் செடியைப் பார்த்து வரைந்த முதல் தாள்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.