எழும்பச் சொன்னது யார்?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு எனக்கு. மகள் எட்டாம் வகுப்பு, பள்ளிக் கோ-கோ அணியில் இருக்கிறாள். 2025 ஜனவரியில் டெல்லியில் நம் பெண்கள் உலகக் கோப்பை ஜெயித்ததிலிருந்து, இவளும் பெரிய அளவில் வருவாள், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று நம்பியிருக்கிறேன். ஒரு ஆட்டம் விடாமல் கோட்டருகே நின்று உற்சாகம் கொடுப்பேன். குறுவட்டப் போட்டியில் என் சத்தம் கேட்டு எழும்பி ஒரு ஃபவுல் ஆனது, அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்தில் பி.டி. சார் அவளை இறக்கவில்லை. எச்.எம்.மிடம் புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கக் கூடாது. சாரை விடுங்கள், அந்த ஃபவுலுக்கு வாருங்கள்.

எட்டுப் பேர் மாறி மாறித் திசை பார்த்து உட்கார்ந்திருக்க, ஒன்பதாவது பிள்ளை துரத்துகிறாள். அவள் பின்னால் வந்து தொட்டு ‘கோ’ சொன்னால்தான் உட்கார்ந்திருப்பவள் எழும்பலாம். எதிரணிக்காரி மூக்குக்கு முன்னால் ஓடினாலும் அதுவரை அசையக் கூடாது. கூட்டாளியின் குரலுக்காக முதுகையே காதாக்கி உட்கார்ந்திருக்கிறாள் உங்கள் மகள். பெற்ற அப்பா வெளியே நின்று ‘எழும்பு மக்ளே’ என்று கத்தினால் என்ன செய்வாள்? பிறந்த நாளிலிருந்து கீழ்ப்படிந்த குரலாயிற்றே! எழும்பிவிட்டாள். விசில் ஊதியதும் அத்தனை பிள்ளைகளும் அவளைத்தான் பார்த்திருப்பார்கள், உங்களை அல்ல. அன்று வீட்டில் அவளிடம் என்ன சொன்னீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சாரைத் திட்டியிருப்பீர்கள்.

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கிறவருக்கு உழைப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உழைத்துப் போடுவதால் அவள் ஆட்டத்தையும் நீங்களே ஆடலாம் என்று ஆகிவிடாது. வேலைக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது தப்பு, பெரிய தப்பு. வெட்டுப் போட்டபின் பால் தன் போக்கில் சிரட்டைக்கு இறங்கட்டும் என்றுதானே அடுத்த மரத்துக்கு நகர்கிறீர்கள்?

இன்றைக்கே, அவள் அம்மா முன்னால், ‘அந்த ஃபவுல் என்னால் வந்தது’ என்று மகளிடம் சொல்லுங்கள். பிறகு சாரிடமும் போய் அதையே சொல்லுங்கள். திரும்ப அணியில் சேர்க்கச் சொல்லி வாயைத் திறக்காதீர்கள். கேட்டால், அதற்காகத்தான் போனீர்கள் என்று ஆகிவிடும்.

அடுத்த ஆட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், அவள் வெளியே உட்கார்ந்திருந்தாலும். கோட்டை விட்டுத் தள்ளி, மற்றப் பெற்றோருடன் இருங்கள். அவள் இடத்தில் இறங்கிய பிள்ளை யாரையாவது அவுட் ஆக்கினால் அதற்கும் கை தட்டுங்கள்.