கிளப் ப்ளூஸ் என்றால் என்ன? சார்லஸ் பிரவுனை ஏன் அதற்கு உதாரணமாகச் சொல்கிறார்கள்?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் பாட்டின் சோகத்தைக் கத்தாமல், பியானோவோடு தணிந்த குரலில் பாடுவதுதான் கிளப் ப்ளூஸ். 1940களின் லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின மக்கள் கூடிய சிறிய இரவு விடுதிகளில் இது வளர்ந்தது. இடம் சிறியது, மைக்கும் உண்டு; தொண்டையைக் கிழிக்க வேண்டிய தேவையே இல்லை. மேடைப் பேச்சுக்கும், இரவுப் பேருந்தில் பக்கத்து சீட்காரரிடம் மனம் விட்டுப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

டெக்சஸில் 1922இல் பிறந்த பாடகரும் பியானோ கலைஞருமான சார்லஸ் பிரவுன் வேதியியல் பட்டதாரி, கொஞ்ச காலம் ஆசிரியர். அப்புறம் கலிஃபோர்னியா போய், ஜானி மூரின் த்ரீ பிளேசர்ஸ் குழுவில் சேர்ந்தார். பியானோ, கிட்டார், பேஸ் மட்டும், டிரம்ஸ் கிடையாது. அந்த அமைதிக்கு அதுவே பெரிய காரணம் என்பேன். 1945இல் அவர்கள் பதிவு செய்த 'ட்ரிஃப்டின் ப்ளூஸ்' பாட்டு வெற்றி பெற்றது. தனியாகப் பிரிந்தபின் 'ட்ரபிள் ப்ளூஸ்' (1949), 'பிளாக் நைட்' (1951) இரண்டும் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்து வாரக்கணக்கில் அங்கேயே நின்றன.

1950களின் நடுவில் ராக் அண்ட் ரோல் வந்ததும் மெல்லிய குரலுக்கு மவுசு போய்விட்டது. நீண்ட இடைவெளிக்குப் பின், பாடகி பானி ரெய்ட் தன் இசைப் பயணங்களில் அவரைச் சேர்த்துக்கொள்ள, மறுபடி கவனம் கிடைத்தது. 1999இல் காலமானார்.

புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸைப் பார்த்து பிரவுன் பாடினார் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆரம்ப காலத்தில் இவரைப் பின்பற்றிப் பாடியவர் ரே சார்ல்ஸ்தான்.